ஆட்டம் எங்க இருக்கு?

1958இல் பிரிட்டனில் வெளியான ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் பார்க்க பகட்டான ஸ்போர்ட்ஸ் கார். ஆனா அதன் ஸ்டியரிங் ரெக், பத்து வருஷத்துக்கு முதல் வந்த மொரிஸ் மைனர்ட சாமான்தான். அதனால ஸ்பிரைட் ஸ்டியரிங் ஆடினா, மைனரைத் தெரிஞ்ச கல்முனை பாஸ் ஒருத்தரே போதும்.

இந்த அறிவு சும்மா வரல்ல. 1960களிலேயே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகிப் போனது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை புதுச் சாமான் கிடைப்பதே கஷ்டம். அந்தக் காலத்தை நாங்க பாண் வரிசையாலும் மரவள்ளியாலும்தான் படிக்கிறோம். கராஜ் எந்தப் பாடத்திலும் இல்லை. மாத்த வழியில்லாத இடத்தில், பழுது எங்க எண்டு சரியாகக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

முறை லேசு. ஒருத்தர் ஸ்டியரிங்கை இடம் வலமா கொஞ்சமா அசைக்க, மற்றவர் கீழ படுத்துப் பார்க்கணும். ஸ்டியரிங் மேலும் கீழும் ஆடினா, தண்டின் மேல் புஷ் தேய்ஞ்சிருக்கு. அது அமுக்கின கம்பளியால் செஞ்சது. ரெக் அசைஞ்சும் சில்லு அசையாட்டி டை ரொட் முனை. ரெக்கே இடம் பெயர்ந்தா அதைப் பிடிக்கிற போல்ட்.

தண்டு திரும்பியும் ரெக்குக்குள் போகிற பல்வெட்டு திரும்பாட்டி, இரண்டையும் இறுக்குற போல்ட் லூஸ். அது முழுசாக் கழண்டா ஸ்டியரிங் கையில சுத்தும், கார் தன்ட பாட்டில போகும். அப்படிக் காரை கராஜ் வரைக்கும்கூட ஓட்டக்கூடாது.