சாற்றின் ஆயுள்: குளிரும் புளிப்பும்

வீட்டில் பிழிந்த சாறு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் குடித்துவிட வேண்டும். எலுமிச்சைக்கும் கேரட்டுக்கும் கரும்புக்கும் இந்த ஒரே விதி பொருந்தாது. சாற்றின் ஆயுளை முதலில் தீர்மானிப்பது அதன் புளிப்பு. எந்த நுண்ணுயிர் அதில் பெருகலாம், எந்த நொதி வேலை செய்யலாம் என்பதை அமிலமே வரையறுக்கிறது. குளிர் அந்த வேலையின் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே.

புளிப்பு கூடக்கூடக் குறையும் பி.எச். அளவில் 4.6-ஐ உணவியலார் எல்லையாகக் கொள்கிறார்கள். அதற்குக் கீழே கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து நஞ்சை உண்டாக்க முடியாது. எலுமிச்சை, மாதுளை, ஆரஞ்சு ஆகியவை அந்த எல்லைக்குக் கீழே நிற்கின்றன. தர்பூசணியும் கரும்பும் 5-ஐத் தாண்டுகின்றன. கேரட் 6-ஐ ஒட்டியது. 2006-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிலர் புட்டிக் கேரட் சாற்றைக் குடித்து அந்த நஞ்சால் தசைச் செயலிழப்புக்கு ஆளாயினர். அது சூடாக்கிப் பதப்படுத்திய சாறுதான்; ஆனால் அந்தச் சூட்டை பாக்டீரியாவின் ஸ்போர்கள் (உறக்கநிலை வித்துகள்) தாங்கிக்கொண்டன, பிறகு குளிர் தவறியதும் முளைத்தன. காற்றில்லாத இடமே அந்த பாக்டீரியாவுக்கு ஏற்றது என்பதால், விளிம்புவரை நிரப்பச் சொல்லும் அறிவுரையை இங்கே சற்று நிதானித்துத்தான் ஏற்க வேண்டும். புளிப்பான சாற்றில் அது வைட்டமின் சி-யைக் காக்கும். புளிப்பற்ற சாற்றிலோ, குளிர் விட்டுப்போனால் ஆபத்துக்குத் துணைபோகும்.

நிறமும் சுவையும் இதே கணக்கில்தான் அடங்குகின்றன. கரும்புச் சாறும் ஆப்பிள் சாறும் கறுப்பது, பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. புளிப்பு ஏறினால் அது ஒடுங்கும். கரும்புச் சாற்றுக் கடையில் ஆலையிலேயே எலுமிச்சையைச் சேர்த்து நசுக்குவது ருசிக்காகத்தான் என்றாலும் நிறமும் அதனால் பிழைக்கிறது. இந்த நொதியின் மையத்தில் இருக்கும் செம்பு, வைட்டமின் சி-யின் சிதைவையும் விரைவுபடுத்தும். ஆகவே புளிப்பான சாற்றைச் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைக்கலாகாது. அமிலம் எப்போதும் காவலன் என்றும் சொல்லிவிட முடியாது. சாத்துக்குடிச் சாறு சில மணி நேரத்தில் கசப்பதற்குக் காரணம் அமிலமே: பழத்திசுவில் சுவையற்றிருந்த ஒரு பொருளை அது லிமோனின் என்ற கசப்பாக மாற்றுகிறது. இந்தக் கசப்பைக் குளிர் தாமதப்படுத்தலாம், நீக்க முடியாது. கொட்டையையும் உள்தோலையும் நசுக்காமல் பிழிவதே வழி.

புளிப்பே பாதுகாப்பு என்றால், 1996-இல் சூடாக்காத ஆப்பிள் சாற்றால் வட அமெரிக்காவில் பலர் ஏன் நோயுற்றனர், ஒரு குழந்தை ஏன் இறந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குக் காரணமான ஈ.கோலை ஓ157, அமிலத்தைச் சகிக்கும் பாக்டீரியா வகை. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில் அது ஆப்பிள் சாற்றில் 25 டிகிரி செல்சியஸில் 2–3 நாள் மட்டுமே பிழைத்தது. 8 டிகிரியிலோ 10 முதல் 31 நாள்வரை தாக்குப்பிடித்தது. குளிர் இங்கே கிருமிக்கே துணைநின்றது. ஆக, அமிலம் ஆபத்தை முழுதாக ஒழிப்பதில்லை. பெருகும் கிருமிகளை விலக்கி, பிழைத்திருக்கும் கிருமிகளை மிச்சம் விடுகிறது. அவற்றைத் தடுக்கும் இடம் ஃபிரிட்ஜ் அல்ல, பிழிவதற்கு முந்தைய கட்டம்: தரையில் விழுந்த பழத்தை ஒதுக்குவது, தோலைக் கழுவுவது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்றால் சாற்றை 71 டிகிரிவரை சூடாக்கிவிடுவதே நல்லது.

பதநீரைக் காட்டி மறுப்போரும் உண்டு. பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு அமிலத்துக்கு நேர்மாறானது. ஆனாலும் பதநீரைக் கள்ளாகாமல் காக்கிறது. இது வாதத்தை உடைக்கவில்லை, விரிக்கிறது: கள்ளாக்கும் ஈஸ்ட்டுக்கு ஒவ்வாத பி.எச். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் சில மணி நேரத்துக்குத்தான். பனையேறிகள் பதநீரை நாள்கணக்கில் வைப்பதில்லை, அன்றே காய்ச்சிக் கருப்பட்டியாக்குகிறார்கள்.

வீட்டில் கேரட், தர்பூசணிச் சாறுகளை மறுநாளைத் தாண்டி வைக்க வேண்டுமானால் உறையவைப்பதே தக்கது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும் என்பதால் இங்கே புட்டியை விளிம்புவரை நிரப்பவே கூடாது. உறைநிலை கிருமிகளை நிறுத்திவைக்கும், நொதிகளை மிகவும் மந்தமாக்கும்; முழுதாக அழிக்காது. இளகியதும் விட்ட இடத்திலிருந்து அவை தொடரும். எனவே ஒரு வேளைக்கு வேண்டிய அளவில் தனித்தனியாக உறையவைத்து, இளகிய சாற்றை உடனே குடித்துவிட வேண்டும்.