விலையில்லாததும் கட்டற்றதும்: கேரளப் பள்ளிக் கணினிகளின் வரலாறு

தமிழ் அச்சு வரலாற்றில் கொச்சிக்குத் தனி இடம் உண்டு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. அதற்கு அடுத்த ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சேறியது. அச்சுப்பொறியும் எழுத்துருக்களும் கிறித்தவச் சபையாரிடம் இருந்தன. எது அச்சாக வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். எழுத்துக் கருவி யார் வசம் இருக்கிறது என்ற கேள்வி, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் கேரளப் பள்ளிகளின் கணினி அறைகளில் வேறு வடிவில் எழுந்தது.

2001ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. கேரள அரசு ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் பங்கேற்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. எனினும் பள்ளிகளின் முதல் கணினிப் பாடங்கள் மைக்ரோசாஃப்ட் மென்பொருளை மையமாகக் கொண்டே அமைந்தன. ஆசிரியர் சங்கத்தினர் இதை எதிர்த்தனர். பொதுப் பணத்தில் நடக்கும் பாடம் ஒரு நிறுவனத்தின் பொருளுக்கான பயிற்சியாகலாமா என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ஏழை மாணவர் அம்மென்பொருளை விலை கொடுத்து வாங்க இயலாது; படியெடுத்தால் சட்டமீறல். கற்றதை வீட்டில் செய்துபார்க்க நேர்வழி இல்லை.

2006இல் ஆட்சி மாறியபின் கட்டற்ற மென்பொருளுக்கான மாற்றம் விரைவுற்றது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட குனு/லினக்ஸ் தொகுப்பு பள்ளிகளுக்கு ஏற்பத் திருத்தி வழங்கப்பட்டது. ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் உருவாகினர். பாடநூல், பயிற்சி, தேர்வு மூன்றும் ஒரே மென்பொருளைச் சுற்றி அமைந்ததே இம்மாற்றம் நிலைத்ததற்கு முதன்மைக் காரணம். தேர்வில் இடம்பெறாத ஒன்று பள்ளியில் நெடுநாள் வாழ்வதில்லை.

2017இல் இத்திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. 2019இல் 2 லட்சம் கணினிகளில் புதிய தொகுப்பை நிறுவுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என அது அறிவித்தது. இத்தொகையை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். கணினி ஒன்றுக்கு 1.5 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் எனக் கொண்டால்தான் கணக்கு பொருந்தும். கல்விக்கான சலுகை விலையை எண்ணினால் அது பெரிதும் குறையும். சேமிப்பை மட்டும் சான்றாக்கினால், நாளை ஒரு நிறுவனம் தன் மென்பொருளை இலவசமாகக் கொடுத்ததும் வாதம் சரிந்துவிடும்.

உறுதியான சான்று மொழியில் இருக்கிறது. மூலநிரலைத் திருத்தும் உரிமை இருந்ததால், 2002இல் தொடங்கிய ‘சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழுவினர் எழுத்துருக்களையும் மொழிபெயர்ப்புகளையும் தாமே ஆக்கினர். எந்த நிறுவனத்தின் சந்தைக் கணக்குக்கும் காத்திருக்கவில்லை. ஆனால் மலையாளத்தோடு கொங்கணி, தமிழ், குஜராத்தி, கச்சி எனப் பல மொழிகள் புழங்கும் மட்டாஞ்சேரியிலிருந்து பார்த்தால் இதன் எல்லையும் தெரியும். கச்சி பேசும் குழந்தைக்கும் அதே உரிமை உண்டு. அதைப் பயன்படுத்தும் உழைப்பாளர் திரள் அம்மொழிக்கு வாய்க்க வேண்டும். உரிமம் வழியைத் திறக்கும். நடப்பது சமூகத்தின் வேலை.

தமிழ்நாட்டு ஒப்பீடு இங்கே பயன்தரும். 2011இல் தொடங்கிய ‘விலையில்லா மடிக்கணினி’த் திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. கருவி ஏழை மாணவர் கையில் சேர்ந்தது பெரும் சாதனை. பள்ளியிலேயே நின்றுவிட்ட கேரளக் கணினி இதைச் செய்யவில்லை. ஆனால் கேரளத்தைப்போல அந்த லினக்சைப் பாடத்தோடும் தேர்வோடும் பிணைக்கும் முயற்சி இங்கே அமையவில்லை. பெட்டியில் இருப்பது வேறு, பாடத்தில் இருப்பது வேறு.

‘விலையில்லா’, ‘கட்டற்ற’ என்னும் இரு சொற்களும் தமிழில் தனித்தனியே இருக்கின்றன. முதலாவது மாணவரின் கையில் என்ன கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது அதைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டா எனக் கேட்கிறது. பள்ளிக் கல்விக் கொள்கையை ஆராய்வோர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.