வாசித்துப் பார்க்காமல் மாண்டலின் வாங்குவது எப்படி? – ஒரு பழைய கதை

மாண்டலின் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014). அவர் வாசிப்பைக் கேட்ட ஆசையில், சேர்த்து வைத்திருந்த பணத்தில் நானும் ஒரு மாண்டலினைப் படத்தை மட்டும் பார்த்து வரவழைத்தேன். பளபளப்பு, சிப்பி வேலைப்பாடு எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தன. ஆனால் மேலே போகப் போக சுருதி சேரவில்லை! ஏமாந்தது நான் மட்டும்தானா என்று தேடினேன். நூறு வருடங்களுக்கு முன்பே அமெரிக்காவில் இதே பிரச்சினை இருந்திருக்கிறது. அந்தக் கதைதான் இது.

கேட்லாக் காலம்

1880ல் 'ஸ்பானிஷ் ஸ்டூடண்ட்ஸ்' என்ற இசைக்குழு நியூயார்க் வந்தது. அவர்கள் வாசித்தது பந்துரியா என்ற வேறு வாத்தியம். ஜனங்களோ அதை மாண்டலின் என்று நினைத்துவிட்டார்கள். அங்கிருந்த இத்தாலியர்கள் நிஜ மாண்டலினை எடுத்து வாசிக்க, நாடு முழுக்க மாண்டலின் மோகம் பிடித்தது.

கிராமத்தில் இருப்பவர் கடைக்கு எங்கே போவார்? சியர்ஸ் போன்ற கம்பெனிகளின் கேட்லாக்கைப் பார்த்து தபாலில் வரவழைத்தார். அன்றைய மாண்டலின் பெரும்பாலும் நேப்பிள்ஸ் பாணி. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்த குடம் போன்ற முதுகு. எத்தனை பட்டை, என்ன மரம், எவ்வளவு சிப்பி என்று கேட்லாக் சொல்லும். பட்டை கூடினால் விலையும் கூடும். ஆனால் நாதத்தைத் தீர்மானிப்பதில் மேல்பலகையின் கனத்துக்கும், சுருதியைத் தீர்மானிப்பதில் ஃப்ரெட்டும் பிரிட்ஜும் இருக்கும் இடத்துக்கும்தான் பெரிய பங்கு. அதை எப்படி அச்சடிப்பது? எண்ண முடிந்ததை மட்டும் அச்சடித்தார்கள்.

வாத்தியார் கையில் வாத்தியம்

மிச்சிகன் மாநிலத்தின் கலமாசூ ஊரில் ஆர்வில் கிப்சன் என்பவர், வயலின் போல மரத்தைச் செதுக்கி மாண்டலின் செய்து 1898ல் காப்புரிமை பெற்றார். 1902ல் அவர் பெயரில் கம்பெனி தொடங்கியது. அவர்கள் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். ஊர் ஊராக இசை ஆசிரியர்களையே ஏஜெண்டாக வைத்தார்கள். வாத்தியாருக்கும் இதில் லாபம் உண்டுதான். ஆனாலும் அடுத்த வாரம் அதே மாணவன் முகத்தில் விழிக்க வேண்டுமே! மட்டமானதை எப்படித் தலையில் கட்டுவார்?

ஒரு கையெழுத்து

1919ல் லாயிட் லோர் என்ற இசைக் கலைஞர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1922ல் எஃப்-5 மாண்டலின் வந்தது. அதன் உள்ளே ஒரு லேபிள். பலகைகளையும் உள்கூட்டையும் சோதித்து, சுருதி கூட்டி, முழு வாத்தியத்தையும் பரிசோதித்து ஏற்றுக்கொண்டேன் என்று தேதி போட்டு லோர் கையெழுத்திட்டிருப்பார். வாங்குபவர் செய்ய முடியாத சோதனையை ஒரு மனிதர் தன் பெயரைப் போட்டுச் செய்தார்.

வேடிக்கை என்னவென்றால் அப்போது அது சரியாக விற்கவில்லை. மோகம் தணிந்து, பாஞ்சோவின் காலம் வந்துவிட்டது. 1924ன் முடிவில் லோர் விலகினார். 1940களில் மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடை ஜன்னலில் கிடந்த எஃப்-5 மாண்டலினை பில் மன்ரோ 150 டாலருக்கு வாங்கினார். அதன் லேபிளில் இருந்த தேதி 9 ஜூலை 1923. ப்ளூகிராஸ் இசையின் குரலே அந்த வாத்தியம்தான் என்று ஆனது. இன்று லோர் கையெழுத்துக்குப் பெரும் தொகை கொடுக்கிறார்கள்.

என் மாண்டலின்?

வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனேன். மாண்டலினில் குதிரை, அதாவது பிரிட்ஜ், ஒட்டப்பட்டிருக்காது. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். அது இடம் மாறியிருந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்து, அதே இடத்தில் லேசாகத் தொட்டு மீட்டிப் பார்த்து, இரண்டும் ஒன்றாகும் வரை நகர்த்தினார். பத்து நிமிடம்தான், சுருதி சேர்ந்தது!

மரம் குற்றமில்லை. அனுப்பும் முன் யாரும் வாசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே நண்பர்களே, படத்தைப் பார்த்து வாங்கும்போது வேலைப்பாட்டை எண்ணாதீர்கள். 'இதைச் சரிபார்த்தது யார், சரியில்லை என்றால் பதில் சொல்வது யார்?' என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கும் இடத்தில் வாங்க வேண்டாம்.