நேப்பிள்ஸ் குடா: காட்சியும் குடியிருப்பும்

இத்தாலியின் தென்மேற்குக் கரையிலுள்ள நேப்பிள்ஸ் குடா, பதினெட்டாம் நூற்றாண்டு முதலாக உல்லாசப் பிரயாணிகளைப் பெரிதும் ஈர்த்து வந்துள்ளது. குடாவின் கிழக்கே விசூவியசு எரிமலையும், மேற்கே பொட்சுவோலி நகரைச் சூழ்ந்து காம்ப்பி பிளெகிரேயி எனப்படும் எரிமலை வட்டாரமும் அமைந்துள்ளன. இவ்விரு பகுதிகளையும் ஒப்புநோக்குமிடத்து, காட்சியிடங்களின் வரலாறும் குடிகளின் வரலாறும் ஒன்றல்ல என்பது புலனாகும்.

கிழக்கில், கி.பி. 79இல் புதையுண்ட எர்க்குலேனியத்தில் 1738இலும், பொம்பேயியில் 1748இலும் அகழ்வுகள் தொடங்கின. அரச சேகரிப்புக்காகச் சிலைகளையும் சுவரோவியங்களையும் பெயர்த்தெடுப்பதே தொடக்ககால நோக்கமாயிருந்தது. சாம்பற் படையில் உடல்கள் அழிந்து எஞ்சிய வெற்றிடங்களில் 1863இல் பியொரெல்லி சாந்து ஊற்றி, மாண்டோரின் உருவங்களை மீட்டார். கலைப்பொருட் களஞ்சியமாகக் கருதப்பட்ட நகர், மனிதர் வாழ்ந்து மடிந்த இடமாகவும் பார்வையாளருக்குத் தோன்றலாயிற்று. 1880இல் விசூவியசின் சரிவில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் ஊர்திப் பாதை திறக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டு வெடிப்பு அதனை அழித்தது.

மேற்கே பொட்சுவோலியில், உரோமர் காலச் சந்தையொன்றின் மூன்று சலவைக்கற்றூண்கள் நிற்கின்றன. கல்லைத் துளைக்கும் கடற்சிப்பிகளின் துளைகள் அவற்றிற் பல அடி உயரத்திற் காணப்படுகின்றன. கட்டடம் கடலில் அமிழ்ந்து பின் எழுந்தமைக்கு இவை சான்றாகும். இலயெல் 1830இல் வெளியிட்ட புவிச்சரிதவியல் நூலின் முகப்புப் படம் இத்தூண்களே.

அறிஞருக்குச் சான்றாக அமைந்த அந்நில அசைவே குடிகளுக்கு இடராயிற்று. நிலம் உயர்ந்தமையால், 1970இல் இரியோனே தெர்ரா என்னும் பழைய குன்றுக் குடியிருப்பின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1982 முதல் 1984 வரை நிலம் ஏறத்தாழ 1.8 மீற்றர் உயர, மேலும் பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். வெறுமையான அக்குன்றின் அடியிற் பின்னர் உரோமர் காலத் தெருக்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுப் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டன. வெளியேறிய சமூகமோ அங்கு முன்போல் மீளக் குடியமரவில்லை.

காட்சி காண வந்தோரையும் இடர் விட்டுவைக்கவில்லை. அருகிலுள்ள சொல்பத்தாரா எரிமலை வாயில் 2017இல் மூவர் உயிரிழந்தனர். அதன் பின் அவ்விடம் மூடப்பட்டது. 2005க்குப் பின் இவ்வட்டாரத்தின் நிலம் மீண்டும் உயரத் தொடங்கியமையும் ஈண்டு கருதத்தக்கது.

பொம்பேயியின் குடிகள் எவ்வீட்டில், எத்தொழில் செய்து, எவ்வாறு வாழ்ந்தனர் என ஆராய்வது வரலாற்றாசிரியரின் கடமையெனக் கொள்ளப்படுகின்றது. 1970இல் வீடிழந்தோரைப் பற்றியும் அதே வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும். அவர்களது நினைவுகள் பதிவு செய்யப்படாவிடின், இரியோனே தெர்ராவின் வரலாறு உரோமருடன் முடிந்துவிட்டதாகவே பார்வையாளர் கருதுவர்.