ஒல்லாந்தர் எடுத்த பரணி



ஒல்லாந்தர் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது கோட்டை. கந்தோர், கக்கூசு, துட்டு ஆகிய சொற்களும் அவர்கள் நமக்கு விட்டுச் சென்றவையே. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் அவர்கள். எனினும், அந்நாட்களில் அவர்களுடைய தாயகத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை நாம் பெரிதாகப் படித்ததில்லை. ஆண்டவனின் வீட்டுக் கதை ஆளப்பட்டவனுக்கு எட்டுவதில்லை. அக்கதையை எனக்குச் சொன்னது ஒரு திரைப்படம்.

2015இல் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'மிக்கீல் டி ரூய்ட்டர்'. பிறநாடுகளில் 'அட்மிரல்' என்னும் பெயரால் வழங்கிற்று. இயக்கியவர் ரோல் ரெய்னே. ஒளிப்பதிவையும் அவரே கவனித்துக் கொண்டார். செலவு ஏறத்தாழ 80 இலட்சம் யூரோ. ஒல்லாந்துக்கு இது பெருந்தொகை. ஆனால், 2003இல் ஹொலிவூட்டில் உருவான 'மாஸ்டர் அன்ட் கொமாண்டர்' என்ற கடற்போர்ப் படத்துக்கு ஏறத்தாழ 15 கோடி டொலர் செலவாயிற்று என்பதை எண்ணினால், இது சிக்கனத்திற் பிறந்த காவியம் எனலாம். சில மரக்கப்பல்களையும் கணினியின் துணையையும் கொண்டு கடல் நிறைந்த கப்பற்படைகளைக் காட்டிவிடுகின்றனர்.

கதைத் தலைவன் வரலாற்று மனிதன். 1607இல் பிளிசிங்கன் துறைமுகத்தில் எளிய குடும்பத்திற் பிறந்து, சிறுவனாகக் கயிறு திரிக்கும் சாலையில் வேலை செய்து, பின்னர் கடலோடியாகி, இறுதியில் நாட்டின் கடற்படைத் தலைவரானவர். பிராங் லம்மர்ஸ் என்னும் நடிகர் அவரை ஆரவாரமின்றி, வீட்டையும் மனைவி மக்களையும் விட்டுப் பிரிய மனமில்லாத ஒரு குடும்பஸ்தராகவே நடித்துக் காட்டுகிறார்.

ஒல்லாந்து அப்போது மன்னரில்லாக் குடியரசு. அதனை 1653 முதல் வழிநடத்தியவர் யொகான் டி விட். கணிதத்தில் நூல் செய்த அறிஞர். அவருடைய நிர்வாகமும் டி ரூய்ட்டரின் கடலாற்றலும் இணைந்த காலம் அந்நாட்டின் பொற்காலம். 1667 யூன் மாதத்தில் ஒல்லாந்தக் கப்பல்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றினுள் நுழைந்து, குறுக்கே கட்டியிருந்த சங்கிலியைத் தகர்த்து, ஆங்கிலேயரின் 'றோயல் சார்ள்ஸ்' என்னும் போர்க்கப்பலையே இழுத்துச் சென்றன. அதன் பின்புறச் சிற்பப் பலகையை இன்றும் அம்ஸ்ரடாம் நூதனசாலையிற் காணலாம்.

ஐந்தே ஆண்டுகளில் நிலை தலைகீழாயிற்று. 1672இல் பிரான்சும் இங்கிலாந்தும், ஜெர்மானிய ஆயர்கள் இருவரும் ஒருசேரப் படையெடுத்தனர். 'மக்கள் மதியிழந்தனர், ஆள்வோர் வழியிழந்தனர், நாடு கதியிழந்தது' என்று பொருள்படும் ஒரு முதுமொழி அவ்வாண்டைப் பற்றி ஒல்லாந்தரிடையே வழங்குகிறது. அணைகளைத் திறந்து தம் வயல்களையே வெள்ளத்தில் மூழ்கடித்துப் பகைவரைத் தடுத்தனர். அச்சங்கொண்ட மக்களுக்குப் பழிசுமத்த ஒருவர் தேவைப்பட்டார். ஓகஸ்ட் 20ஆந் திகதி ஹேக் நகரில், சிறையிலிருந்த தமையன் கொர்னேலிசைப் பார்க்கச் சென்ற டி விட்டைச் சொந்த மக்களே சூழ்ந்து, இருவரையும் கொன்று, உடல்களைச் சிதைத்தனர். செய்தி கேட்ட தத்துவஞானி ஸ்பினோசா, கொலைஞரைக் கண்டித்து எழுதிய வாசகத்தைக் கொலைக்களத்தில் ஒட்டுவதற்குப் புறப்பட்டார் என்றும், வீட்டுக்காரர் கதவைப் பூட்டி அவரைக் காப்பாற்றினார் என்றும் லைப்னிற்சு குறித்து வைத்துள்ளார்.

இப்படம் என்னை உலுக்கியது இவ்விடத்திலேதான். அக்கொலையை இயக்குநர் மூடி மறைக்கவில்லை. கொன்றவர்கள் அந்நியர் அல்லர். நேற்றுவரை அத்தலைவரைப் போற்றியவர்கள். தன் இனத்தின் வெற்றியைப் பாட வந்த படம், அந்த இனத்தின் வெட்கத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. இத்துணிவு எல்லா வரலாற்றுப் படங்களுக்கும் வாய்ப்பதில்லை.

டி ரூய்ட்டர் மட்டும் கடலைக் கைவிடவில்லை. 1673இல் மூன்று போர்களில் ஆங்கில - பிரெஞ்சுக் கூட்டுப் படையைத் தடுத்து, எதிரிகள் கடல்வழியே தரையிறங்காதவாறு நாட்டைக் காத்தார். 1676இல் சிசிலிக் கடலிற் காயமுற்று உயிர்துறந்தார்.

ஆனால், படத்தின் துணிவுக்கும் ஓர் எல்லையுண்டு. 1664இல் இதே டி ரூய்ட்டர் மேற்கு ஆபிரிக்காவுக்குச் சென்று ஆங்கிலேயரிடமிருந்து கோட்டைகளை மீட்டார். அவை மனிதரை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிய வாணிபத்தின் கோட்டைகள். அப்பயணம் படத்தில் இல்லை. 2015 சனவரியில் அம்ஸ்ரடாமில் முதற்காட்சி நடந்தபோது, குடியேற்ற ஆட்சியையும் அடிமை வாணிபத்தையும் மறைத்துவிட்டார்கள் என்று சிலர் வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர்.

டி ரூய்ட்டர் நம் கடலுக்கு வந்தவரல்லர். ஆனால், அவருடைய போர் வந்தது. அதே 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படையொன்று திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் அவர்களை வரவேற்றான். ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸ் அவர்களை விரட்டினார். அங்கிருந்து சென்ற பிரெஞ்சுப் படை சாந்தோமைக் கைப்பற்றி, 1674இல் அதையும் இழந்தது. ஹேக் நகரத் தெருவில் இரத்தம் சிந்திய அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பாதிரியார் பல்தேயுவின் பெருநூல் அம்ஸ்ரடாமில் அச்சேறியது. நம் ஊர்க் கோவிற்பற்றுகளின் படங்களும் தமிழ் எழுத்துகளும் அதில் உண்டு. தம் சுதந்திரத்துக்காக வயல்களையே மூழ்கடித்த மக்கள், அதே வேளையில் நம் வயல்களுக்கு வரி அறவிட்டுக் கொண்டிருந்தனர். இரண்டும் உண்மை. ஒன்று மற்றதைப் பொய்யாக்கிவிடாது.

படத்தைப் பார்த்து முடித்ததும் ஒல்லாந்தரைக் குறைகூற எனக்கு நா எழுந்தது. ஆனால், மறுநாள் வகுப்பில் நான் நடத்த வேண்டியிருந்த பாடம் கலிங்கத்துப்பரணி. ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பர். திறை செலுத்தத் தவறியமைக்காகக் கலிங்கம் அழிந்தது. பேய்கள் கூழ் அட்டு உண்ட சுவையை ஆண்டுதோறும் மாணவர்க்கு விரித்துரைத்திருக்கிறேன். அக்களத்தில் வீழ்ந்த கலிங்கத்து உழவனைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆயினும், நம் இலக்கண மரபில் ஒரு நுட்பமுண்டு. பரணி நூலுக்கு வென்றவன் பெயரை இடுவதில்லை. தோற்றவர் பெயரையே இடுவர். ஏன் அவ்வாறு வகுத்தார்களோ, யானறியேன். ஒல்லாந்தர் எடுத்த பரணிக்கு வென்றவன் பெயர் இருக்கிறது. தோற்றவர் பெயர்களை நாம்தான் சேர்த்து வாசிக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில், பாட்டின் அழகைச் சொல்லி முடித்தபின், கலிங்கத்தார் இப்போரை எவ்வாறு பாடியிருப்பார்கள் என்று மாணவரைக் கேட்டேன். வகுப்பு நெடுநேரம் மௌனமாயிருந்தது. அந்த மௌனத்துக்குப் பின் எழுந்த உரையாடலைப் போன்ற ஒன்று, என் இருபதாண்டு ஆசிரியப் பணியில் முன்னர் நிகழ்ந்ததில்லை.