தகனபலி: ஒரு பெயரின் வரலாறு

எபிரேய மொழியில் ‘ஓலா’ என்றால் மேலே ஏறுவது. பலிபீடத்தின் புகை வானத்தை நோக்கி ஏறுவதால் ஒருவகைப் பலிக்கு அந்தப் பெயர் வந்தது. அதன் முறையை லேவியராகமத்தின் முதல் அதிகாரம் சொல்கிறது. பழுதில்லாத காளையைத் தோலுரித்துத் துண்டம் துண்டமாக வெட்ட வேண்டும். குடலையும் கால்களையும் தண்ணீரில் கழுவ வேண்டும். அடுக்கிய விறகின்மேல் வைத்து அத்தனையையும் எரித்துவிட வேண்டும். பெரும்பாலான மற்றப் பலிகளில் ஆசாரியனுக்கோ பலி செலுத்தியவனுக்கோ இறைச்சியில் பங்கு உண்டு. இதில் யாருக்கும் இல்லை. தமிழ் வேதாகமம் இதற்குச் ‘சர்வாங்க தகனபலி’ என்று பெயர் வைத்தது.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களும் இதே வழியில்தான் போனார்கள். ‘ஹோலோஸ்’ என்றால் முழுமை, ‘கௌஸ்தோஸ்’ என்றால் எரிந்தது. அந்த வேர்களிலிருந்து வந்த சொல் லத்தீனில் ‘ஹோலோகௌஸ்தும்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஹோலோகாஸ்ட்’ என்று நிலைத்தது. சர்வாங்க தகனபலி என்ற தொடரை அறிந்த தமிழ் வாசகருக்கு ஹோலோகாஸ்ட் என்பதன் சொற்பொருளை விளக்க வேண்டியதில்லை.

யூதர்களைக் கொன்றதற்கு இந்தப் பெயரைச் சூட்டிய பழைய சான்று ஒன்று 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1189இல் லண்டனில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் முடிசூடிய நாளில் யூதர்கள்மீது கும்பல் பாய்ந்தது. ரிச்சர்ட் ஆஃப் டிவைசஸ் என்ற துறவி அந்தக் கொலைகளைச் சாத்தானுக்கு இட்ட பலி என்று எள்ளலோடு எழுதி, ‘ஹோலோகௌஸ்தும்’ என்றே குறித்தார். இத்தாலியத் தத்துவ அறிஞர் ஜார்ஜோ அகம்பென் 1998இல் இதைச் சுட்டிக்காட்டி, அந்தச் சொல்லைத் தாம் பயன்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தில் அச்சொல் பெருந்தீயையும் பெருஞ்சாவையும் குறிக்கும் பொதுச்சொல்லாகத் தேய்ந்தது. 1929இல் சர்ச்சில் ஆர்மீனியர் படுகொலைக்கு அதைப் பயன்படுத்தினார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யூதர்களைக் கொன்ற நாஜிகளுக்கும் ஓர் அகராதி இருந்தது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே ஏரிக்கரை மாளிகையில் 15 அதிகாரிகள் கூடி ‘இறுதித் தீர்வு’ பற்றிப் பேசினார்கள். கூட்டக் குறிப்பு யூதர்களைக் கிழக்கே வெளியேற்றுவது பற்றிப் பேசுகிறது. கொலைக்கு அவர்கள் வைத்த இன்னொரு பெயர் ‘சிறப்புக் கவனிப்பு’. வில்னா நகரை அடுத்த போனாரில், சுட்டுப் புதைக்கப்பட்டவர்களைத் தோண்டியெடுத்து எரிக்கும் வேலை யூதக் கைதிகள்மீதே சுமத்தப்பட்டது. பிணம் என்று அவர்கள் வாய்திறந்து சொல்லக்கூடாது. உருவங்கள், கந்தல்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மீறினால் அடி விழும். பின்னாளில் இதைப் பற்றி எழுத வந்தவர்கள் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ஐயத்தோடு தொட்டதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

பிழைத்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட சொல் வேறு. இத்திஷ் மொழியில் அது ‘ஹுர்பன்’, அதாவது இடிபாடு. எருசலேம் ஆலயம் கிமு 586இலும் கிபி 70இலும் இடிக்கப்பட்டதற்கு யூத மரபு வைத்த பெயர் அது. புதிய அழிவை அந்தப் பழைய துக்கங்களின் வரிசையில் சேர்த்து, அழுவதற்கும் நோன்பிருப்பதற்கும் மரபிலேயே இடம் கொடுத்த சொல். எபிரேயம் பேசியவர்கள் ‘ஷோவா’வை எடுத்துக்கொண்டார்கள். ஏசாயா, செப்பனியா நூல்களில் திடீரென வந்து விழும் பாழைக் குறிக்கும் அச்சொல்லில் பலிபீடமும் இல்லை, ஆலயமும் இல்லை. போலந்து யூதர்களின் நிலை பற்றி 1940இலேயே எருசலேமில் வெளிவந்த ஒரு சிறுநூலின் தலைப்பில் அது இருந்தது. 1948இல் இஸ்ரேலின் விடுதலைப் பிரகடனத்திலும் இடம்பெற்றது; அதன் ஆங்கில வடிவம் ஒன்று அதை ‘ஹோலோகாஸ்ட்’ என்று பெயர்த்தது.

அங்கேதான் சிக்கல். பலி என்றால் கொடுப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர், அதற்கொரு புனித நோக்கம் வேண்டும். அவுஷ்விட்ச் வதைமுகாமில் இவற்றில் எது இருந்தது? ஆபிரகாம் ஈசாக்கை விறகின்மேல் கிடத்திய கதையை நினைத்து எழுத்தாளர் எலீ வீசல் ‘ஹோலோகாஸ்ட்’ என்ற சொல்லைப் பரப்பினார்; பிறகு அதற்காக வருந்தினார். அவுஷ்விட்சில் 174517 என்ற எண்ணைக் கையில் பச்சை குத்தப்பட்ட பிரிமோ லெவி, பிறருக்குப் புரிய வேண்டுமே என்பதற்காக மனமில்லாமல் அதைச் சொன்னார். வேதியியலாளரான அவர் தமது முதல் நூலில் ரொட்டியின் அளவையும் காலணியின் பொருத்தத்தையும் அளந்து எழுதினார்; அந்த எழுத்துக்குப் பலிபீடம் தேவைப்படவில்லை. பெற்றோரை இழந்த கவிஞர் பால் செலான், கொன்றவர்களின் மொழியாகிய ஜெர்மனே தம் தாய்மொழியாகவும் இருந்ததால், 1958இல் பிரேமனில் பேசும்போது எந்தப் பெயரும் சூட்டாமல் ‘நடந்தது’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். அகரோன் அப்பெல்ஃபெல்டின் ‘பாடன்ஹைம் 1939’ நாவலில் சுகாதாரத் துறை வந்து யூதர்களைப் பதிவு செய்கிறது. கடைசியில் அழுக்கடைந்த சரக்கு ரயில் வருகிறது. அதற்கப்பால் நாவல் போவதில்லை. பெயர் சொல்லாத இந்த எழுத்தே பெயர் சொன்ன பலவற்றைவிட ஆழமாகத் தைக்கிறது.

சொல்லை வீடுகளுக்குள் கொண்டுபோனது தொலைக்காட்சி. ‘ஹோலோகாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் 1978இல் ஒளிபரப்பாகி, 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனிக்கு வந்தது. அந்த ஆண்டின் சொல்லாக ஜெர்மன் மொழிக் கழகம் ‘ஹோலோகாஸ்ட்’டைத் தேர்ந்தெடுத்தது. பிரான்சில் வேறு திருப்பம். பழைய ஆவணப் படத்துண்டு ஒன்றைக்கூடச் சேர்க்காமல் கிளாட் லான்ஸ்மான் எடுத்த ஒன்பதரை மணிநேரப் படம் 1985இல் வெளிவந்தது. வேலை நடந்த ஆண்டுகளில் அவர் தமக்குள் அதை ‘அந்தப் பொருள்’ என்றே அழைத்துவந்தார். கடைசியில் ‘ஷோவா’ என்று பெயரிட்டார். அவருக்கு எபிரேயம் தெரியாது. பொருள் புரியாத, ஊடுருவ முடியாத ஒரு சொல்லே அவருக்கு வேண்டியிருந்தது. பிரெஞ்சில் இன்று பரவலாக வழங்குவது அச்சொல்தான். நாஜிகளால் கொல்லப்பட்ட இன்னொரு இனமான ரோமா மக்கள் தங்கள் அழிவைப் ‘பொராய்மோஸ்’, விழுங்குதல், என்கிறார்கள். அதை ஏற்காதவர்கள் ‘சமுதாரிபென்’, எல்லோரையும் கொன்றது, என்கிறார்கள்.

தமிழில் ‘யூத இனப்படுகொலை’ என்ற வழக்கு வேரூன்றிவிட்டது. இது ஹோலோகாஸ்டின் பெயர்ப்பு அன்று; சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் தம் நூலில் அறிமுகப்படுத்திய ‘ஜெனோசைடு’ என்ற சொல்லின் பெயர்ப்பு. படுகொலை என்னும்போதே கொன்றவன் ஒருவன் இருக்கிறான் என்பது வந்துவிடுகிறது. பலிபீடத்தின் நிழல் விழுவதில்லை. அதே சொல்லால் ஈழத்தமிழர் முள்ளிவாய்க்காலையும் குறிக்கிறார்கள் என்பதால், முன்னால் ‘யூத’ என்ற அடை தேவையாகிறது. எனினும் ஹோலோகாஸ்டின் பழைய வழு தமிழிலும் வேறு வாசலால் நுழைகிறது. ஜெர்மன் மொழியின் ‘ஓப்ஃபர்’ பலிப்பொருளையும் பாதிக்கப்பட்டவரையும் சேர்த்துக் குறிப்பதுபோல, விபத்தில் ஐவர் பலி என்று எழுதிப் பழகிய தமிழ், வதைமுகாம்களில் 60 லட்சம் யூதர்கள் பலியானார்கள் என்றும் எழுதிவிடுகிறது. அந்தத் தொடரில் பிழை எண்ணிக்கையில் இல்லை; இடத்திலும் வினையிலும் இருக்கிறது. அவர்களில் ஏராளமானோர் குழிகளின் விளிம்பில் சுடப்பட்டவர்கள், கெட்டோக்களில் பட்டினியால் மாண்டவர்கள். அவர்கள் பலியாகவில்லை, கொல்லப்பட்டார்கள்.