அரை நாளில் நாஞ்சில் நாடு: கைடு சொல்லாம விடுற கதை

கன்னியாகுமரி வர்ற நண்பர்கள் வழக்கமா கேக்கிற கேள்வி இது: "காலைல சூரிய உதயம் பாத்தாச்சு, ராத்திரிதான் ரயில். நடுவுல அரை நாள் கிடைக்குது, எங்க போலாம்?" அதுக்குன்னே வேனும் காரும் கிடைக்கும். சுசீந்திரம், உதயகிரிக் கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனைன்னு ஒரு சுத்து. (திங்கட்கிழமை அரண்மனை லீவு, பாத்துக்கிடுங்க.) கூட வர்ற கைடு நல்லாவே கதை சொல்வாரு. ஆனா அந்தக் கதையில ராஜா இருப்பாரு, சிற்பி இருப்பாரு, ஊர் ஜனம் மட்டும் இருக்காது.

முதல்ல சுசீந்திரம். இசைத்தூண், 18 அடி அனுமார், உயர்ந்த கோபுரம், எல்லாம் காட்டுவாங்க. வேனை விட்டு எறங்கி நாம சாதாரணமா நடந்து போறோமே, கோவிலைச் சுத்தின அந்தத் தெருக்கள்ல ஒரு காலத்துல தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட சாதிக்காரங்க நடக்கவே கூடாது. கோவிலுக்குள்ள இல்லீங்க, வெறும் தெருவுல! வைக்கம் போராட்டம் 1924-25-ல நடந்தது நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பின்னாடியே 1926-ல சுசீந்திரத்துலயும் சத்தியாகிரகம் நடந்துச்சு. டாக்டர் எம்பெருமாள் நாயுடு அதை முன்ன நின்னு நடத்தினவர்ல முக்கியமானவர். திருவிதாங்கூர் அரசுக் கோவில்கள் எல்லா சாதி இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ல, சித்திரைத் திருநாள் மகாராஜாவோட பிரகடனத்துக்கு அப்புறம்தான்.

பக்கத்துலதான் சாமிதோப்பு. பல வேன்கள் அங்க நிக்கிறதே இல்ல. வைகுண்டசாமி (1809-1851) தன்னைத் தேடி வந்த ஜனங்களைத் தலைப்பாகை கட்டிக்கிட்டு வணங்கச் சொன்ன இடம் அது. தலைப்பாகைல என்ன பெருசா இருக்குன்னு தோணும். அந்த ஜனங்களுக்குத் தலைப்பாகை கட்டவே உரிமை இல்லாத காலமுங்க அது. பொம்பளைங்க மேலாடை போடுறதுக்குக்கூட பல வருஷம் போராட வேண்டியிருந்துச்சு. 1859-ல அரசு அனுமதி கொடுத்தப்பவும், மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாதுன்னு ஒரு கொக்கி போட்டுத்தான் கொடுத்தாங்க.

அடுத்து உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போர்ல மார்த்தாண்ட வர்மாகிட்ட டச்சுக்காரங்க தோத்தாங்க. அதுல பிடிபட்ட டிலனாய், பின்னால திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்' ஆனாரு. 1777-ல செத்துப்போன அவரோட கல்லறை இந்தக் கோட்டைக்குள்ளதான் இருக்கு. தமிழ்லயும் லத்தீன்லயும் கல்வெட்டு உண்டு. ஆனா, கிறிஸ்தவர்ங்கிறதால பக்கத்துல இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனைக்குள்ள அவரை விடலை, அதனாலதான் கோட்டையிலயே குடியிருந்தாருன்னு சொல்வாங்க. ராஜாவுக்குக் கோட்டை கட்டிக் கொடுத்தவருக்கே அந்த நிலைமைன்னா, மத்தவங்களை யோசிச்சுப் பாருங்க.

கடைசியா பத்மநாபபுரம். மர வேலைப்பாடு, மூலிகைக் கட்டில், சீன வியாபாரிங்க கொடுத்த நாற்காலி, பெரிய பெரிய சீனச் சாடி, ஊட்டுப்புரைன்னு நேரம் போறதே தெரியாது. அரண்மனை தமிழ்நாட்டுல இருந்தும் நிர்வாகம் பண்றது கேரளத் தொல்லியல் துறை. அது ஏன்னு பலரும் கேக்கிறது உண்டு. 1956 நவம்பர் 1-ல கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழகத்தோட சேர்ந்தப்ப, அரண்மனை மட்டும் கேரளத்துகிட்டயே நின்னுருச்சு. அந்த இணைப்பு சும்மா வந்துடலை. நேசமணி தலைமையில போராட்டம், 1954 ஆகஸ்ட் 11-ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலின்னு பெரிய விலை கொடுத்து வந்தது.

கைடைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அரை நாள்ல அவரும் எவ்வளவுதான் சொல்வாரு? நாம கேட்டாத்தானே அவரும் சொல்வாரு. அதனால சுசீந்திரத்துல இறங்கின உடனே, "இந்தத் தெருவுல யாரெல்லாம் நடக்கலாம்னு இருந்துச்சு?"ன்னு ஒரு கேள்வி போட்டு வைங்க. பதில் தெரியாட்டியும் அடுத்த தடவை தெரிஞ்சு வச்சுக்கிட்டு வருவாரு :-)

உங்க ஊர்லயும் இப்படிக் கைடு கண்டுக்காம கடந்து போற தெரு ஒண்ணாவது இருக்கும். எழுதுங்களேன்.